வல்லத்துக்கு ஒரு அவசரச் செய்தி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. தண்டலம் ஆபீஸிலிருந்து வல்லம் வடகால் கேம்புக்கு வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

மின்சாரக் கம்பி இழுக்கும் காண்டிராக்ட் கம்பெனி அது. பி.ஏ. முடித்த கையோடு அங்கே தற்காலிக கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். கேம்பில் போன் கிடையாது. வயர்லெஸ்தான்.

"ரெண்டு மணிக்கு மெட்ராஸ் பெரிய ஆபீஸர் வல்லத்துக்கு வர்றார்மா. முனுசாமிகிட்ட சொல்லிடு. பேட்டரி அஞ்சு நிமிஷம்தான் தாங்கும், சுருக்கமா பேசு" என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் மண்ணூருக்குக் கிளம்பிவிட்டார்.

அவசரம்தான். அது அறுப்புக் காலம். வல்லத்தில் ஆட்கள் சாப்பாட்டு மணி அடித்ததும் சொந்த வயலுக்கு நழுவிவிடுவார்கள். மேஸ்திரி முனுசாமி அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். ஆபீஸர் கண்டுகொண்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும்!

பட்டனை அழுத்தினேன். "அண்ணே, தண்டலம் பேசறேன். ஓவர்."

"இன்னாம்மா, நல்லா கீறியா? சாப்டியா? ஓவர்."

ஒருத்தர் கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டாமா? "சாப்டேண்ணே. நீங்க? ஓவர்."

கெட்டது காரியம்!

"அத்த ஏன்மா கேக்குற! எங்கூட்டுக்காரி நேத்து ஒரு கருவாட்டுக் கொழம்பு வச்சா பாரு..."

அவர் பட்டனை விட்டால்தானே நான் பேச முடியும்? விடவே இல்லை. குழம்பிலிருந்து மாமியாருக்குப் போனார். மாமியாரிலிருந்து சினை மாட்டுக்குப் போனார். நடுவில், "நான் சொல்றது ஞாயந்தானே?" என்றார். நான் வயர்லெஸ் பெட்டியைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினேன்.

ஒருவழியாக "ஓவர்" வந்தது.

"அண்ணே, ரெண்டு மணிக்கு..."

பெட்டியின் விளக்கு அணைந்தது. பேட்டரி காலி!

பஸ் பிடித்தேன். அது ஸ்ரீபெரும்புதூரோடு சரி. ஒரகடம் ரோட்டில் அடுத்த பஸ் மூன்று மணிக்காம். நடந்தேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பின்னால் வந்த ஜீப் ஒன்று நின்றது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா போறே, இந்த வெயில்ல?"

ஊரில் யார் கேட்டாலும் வாயைத் திறக்காத நான், அன்றைக்குப் பார்த்துக் கொட்டிவிட்டேன். "வல்லம் கேம்புக்கு சார். யாரோ பெரிய ஆபீஸர் வர்றாராம். ஆளுங்க அறுப்புக்கு ஓடறதுக்குள்ள சொல்லணும். கடுகடுன்னு இருப்பாராம் சார்!"

"அப்படியா? ஏறு. நானும் அங்கதான் போறேன்."

டிரைவரின் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேம்பில் முனுசாமி அண்ணன் மட்டும் பீடியோடு உட்கார்ந்திருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் பீடியை எறிந்துவிட்டு, "ஆபீஸர் சார்!" என்று சல்யூட் அடித்தார்.

நான் செருப்பும் கையுமாக இறங்கினேன். எதிர் வயலில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் குனிந்து நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸர் அவர்களைப் பார்த்தார். என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அறுப்பு முடியற வரைக்கும் காலையில ஆறு மணிக்கே வேலையை ஆரம்பிச்சு, மத்தியானத்தோட முடிச்சிட்டு வயலுக்குப் போங்கய்யா. இந்தத் திருட்டுத்தனம் வேணாம்."

சாயங்காலம் என்ஜினீயர் கேட்டார்: "வல்லத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்துதாம்மா?"

"சேர்ந்தது சார். ஆபீஸரோட ஜீப்லயே."