நல்லது சொன்னால் எழுதாதே

செங்கல்பட்டு,
திங்கட்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய செய்யூர் மச்சான் வரதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை விஜயகுமாரியின் வீட்டுக்காரன் கலையரசன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் நலம். வழக்கத்துக்காக இப்படி எழுதிவிட்டேன். உண்மையில் மூவரில் ஒருத்தி என்னோடு பேசுவதில்லை, ஒருத்தி பேசுவதை நிறுத்துவதில்லை, நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கு தாங்களும் அக்காவும் சவுக்குத் தோப்பும் வேர்க்கடலையும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

விஷயம் ரேணுகாவின் கல்யாணம். மாமல்லபுரத்துப் பையன் பார்த்திபன், அவளோடு மறைமலைநகரில் அதே கம்பெனியில் வேலை, அதே கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருடமாக அவளுக்கு இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்து வந்தவன், அவளாகப் பார்த்து எங்களிடம் சொன்ன பையன். அவன் அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், நல்ல மனிதர். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பையனின் அம்மா ரேணுகா கையைப் பிடித்துக்கொண்டே பேசினார், "ஒரு சின்ன விசாரணை மட்டும் பண்ணிக்கிறோம், தப்பா நெனைக்காதீங்க, எல்லாரும் பண்றதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் சத்தமில்லை. முந்தாநாள், விசாரணை அறிக்கை சரியில்லை, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறிக்கையை எழுதியது நான்.

மேலே உள்ள வாக்கியத்தை இன்னொரு முறை படிக்க வேண்டாம் மச்சான், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக நான் நிலம் அளக்கிற வேலை செய்கிறேன் என்று உங்களிடம் சொல்லி வந்தேன். உங்கள் தோப்பு வரப்புத் தகராறில் என்னை வந்து அளந்து தரச் சொன்னீர்களே, அன்றைக்குப் பார்த்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதே, முதுகுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அளக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீடு எப்படி, பெண் வீடு எப்படி என்று தெருவில் கேட்டு எழுதித் தருகிற வேலை எனக்கு. சென்னையில் ஒரு ஆபீஸ், அவர்கள் முகவரி அனுப்புவார்கள், நான் விசாரித்து அனுப்புவேன். இது விஜயாவுக்கு மட்டும் தெரியும், அவளும் பாதி நம்புவதில்லை.

இந்தத் தொழிலுக்குச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்காததால் நானே ஒரு நோட்டில் இருபத்திரண்டு விதிகள் எழுதி வைத்துக்கொண்டேன். தொழிலுக்கென்று ஆரம்பித்தது மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரே கடையில் இரண்டு நாள் தொடர்ந்து டீ குடிக்கக் கூடாது என்று எட்டாவது விதி, அதனால் இத்தனை வருடத்தில் எந்த டீக்கடைக்காரனுக்கும் எனக்கு எத்தனை சர்க்கரை என்று தெரியாது. வாசலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது என்று பதினொன்றாவது. உங்கள் மகன் கல்யாணப் பந்தியில் சுவரோரம்தான் இலை வேண்டும் என்று நான் நின்றது அதனால்தான், மரியாதை கேட்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டு இன்றுவரை மனசில் வைத்திருக்கிறார். விசாரிக்கும் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்கக் கூடாது, பெயர் தெரிந்தால் நம் மனசு ஒரு பக்கம் சாயும், கதவு எண் போதும். சொந்த வீட்டில் நம் அடையாளம் எதுவும் வெளியே தெரியக் கூடாது, அதனால் நகராட்சிக்காரர்கள் புது எண் போட்ட தகட்டை அடித்துவிட்டுப் போன மறுநாளே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இதையெல்லாம்விட எனக்குப் பெருமையான விதி நான்காவது: நல்லது சொன்னால் எழுதாதே. நல்லது சொல்ல யாருக்கும் ஒன்றும் ஆகாது, வாயில் வருவதைச் சொல்வார்கள். கெட்டது சொல்கிறவன்தான் நாலு பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, பொறுப்போடு சொல்கிறான். அதனால் நல்ல வார்த்தை எங்கே வந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், எனக்கே சில இடம் விளங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஆபீசிலிருந்து ஒரு விசாரணை வந்தது, "கிணற்றடித் தெரு, எண் 12, பெண் வீடு" என்று. எங்கள் தெரு. சொந்தத் தெருவில் நான் விசாரிக்கக் கூடாது, அது ஒன்பதாவது விதி. அதற்காகப் படூரில் மார்கரெட் என்று ஒரு அம்மாளோடு எனக்கு ஒரு ஏற்பாடு உண்டு, நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தெரு வேலையை நான் பார்ப்பேன், என் தெரு வேலையை அவர் பார்த்துக் குறிப்பு அனுப்புவார், அதை வைத்து நான் அறிக்கை எழுதுவேன், என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் ஆபீசில் அப்படித்தான் கேட்பார்கள். ஆறு வருடமாகப் போனில் பழக்கம், முகம் பார்த்ததில்லை, கூட்டாளிகள் சந்திக்கக் கூடாது என்பதும் நோட்டில் இருக்கிறது. எங்கள் தெருவில் எண் 12 என்றால் துரை வீடு, எங்கள் வீடு 31. சரி, துரையைத்தான் யாரோ விசாரிக்கிறார்கள் என்று மார்கரெட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு என் கவலையைப் பார்க்கப் போனேன்.

என் கவலை என்னவென்றால், அதே வாரம் மாமல்லபுரத்துக்காரர்கள் நம் வீட்டை விசாரிக்க ஆள் அனுப்புவார்களே. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொன்னேன், சிலர் பயந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் சடையப்பனின் இஸ்திரி வண்டி அருகில் நீலக் குடையோடு ஒரு அம்மாள், துணி எதுவும் கையில் இல்லை, அரை மணி நேரமாகப் பேச்சு. புரிந்துகொண்டேன், இவர்தான் மாமல்லபுரம் அனுப்பிய ஆள். மகள் வாழ்க்கையாயிற்றே, யார் என்ன என்று தெரிந்துகொள்ள ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். அவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார், மூன்று முறையும் நான் நின்று பேப்பர் படித்தேன். நல்ல வெயில், ஹெல்மெட்டுக்குள் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மார்கரெட்டின் குறிப்புகள் வந்தன. படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. இருபது வருடமாக ஒரே தெருவில் இருக்கிற துரை இப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! "என்ன வேலை செய்கிறார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது, நிலம் அளப்பதாகச் சொல்கிறார், அளந்து பார்த்தவர் இல்லை" என்று எழுதியிருந்தது. என் பொய்யையே துரை திருடிவிட்டாரே என்று கோபம்தான் வந்தது. "காலையில் கம்பெனி பஸ் வரும் நேரம் எதிர்க்கடைப் பக்கம் ஹெல்மெட்டோடு ஒளிந்து நிற்கிறார்" என்றது அடுத்த வரி. அது ரேணுகா ஏறும் பஸ் மச்சான்! மறுநாளே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடையில் ஒளிந்து நின்று துரை வருகிறாரா என்று பார்த்தேன், வரவில்லை, உஷாராகிவிட்டார் என்று நினைத்தேன். "விசாரிக்க வந்த என்னையே பஸ் ஸ்டாண்டு வரை தொடர்ந்து வந்தார்" என்று இருந்தது. துரைக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற மனைவி கை கொடுக்க வேண்டும், அதுவும் நாடகமா என்று திகைத்துப் போனேன். அவருக்கு இரண்டும் பையன்கள், பெண்ணே கிடையாது, பிறகு எந்தப் பெண்ணுக்கு விசாரணை என்று ஒரு கணம் யோசித்தேன், யோசித்து, பெண் இருப்பதையே தெருவுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். நல்லதாக எழுதியிருந்த ஒரு பக்கத்துக்கு மேல் இருந்ததை வழக்கப்படி சிவப்பில் அடித்தேன். "மேற்படி நபர் நம்பத் தகுந்தவர் அல்ல. இந்த வீட்டில் பெண் எடுப்பது பற்றிப் பத்து முறை யோசிக்கவும்" என்று முடித்து அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து துரை வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மனிதர் பாவம், என்ன தப்பு செய்தேன் என்று விஜயாவிடம் வந்து கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை ரேணுகா வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக்கூட கழற்றவில்லை, போனை என் முன்னால் நீட்டினாள். பார்த்திபன் அனுப்பியிருக்கிறான், அவன் வீட்டுக்கு வந்த அறிக்கையின் போட்டோ.

"இது யாரு கையெழுத்துப்பா?"

"தெரியலியேம்மா. யாரோ விஷயம் தெரிஞ்ச ஆளு."

"என் ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் நீதான லேபிள் எழுதிக் குடுத்த? எனக்குத் தெரியாதா?"

உள்ளேயிருந்து உங்கள் தங்கை வந்தாள். "இன்னாய்யா எழுதி வெச்சிகிற? சொந்தப் பொண்ணு வூட்டப் பத்தியே எழுதிகினு குந்தினுகிறியே, நீ மனுசனா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் விளங்காமல் இது துரை வீட்டு அறிக்கை, எண் 12 என்றேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து தகட்டை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து என் மடியில் போட்டாள். புதிய எண் 12. உடனே மார்கரெட்டுக்குப் போன் செய்து, நீங்கள் எந்தப் பன்னிரண்டைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "புதுசுதான் சார், பதினொண்ணுக்கும் பதிமூணுக்கும் நடுவுல தகடு இல்லாத வீடு. பழைய நம்பர இப்ப யாரு சார் பாக்குறாங்க?" என்றார். அப்போதுதான் அந்தக் குடை யாருடையது என்பதும் புரிந்தது. ஆபீசுக்கு முகவரி கொடுத்தது மாமல்லபுரத்து வேன்காரர். தெருவில் இரண்டு விசாரணை நடப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நடந்தது ஒன்றுதான்.

ரேணுகா சத்தம் போடவில்லை மச்சான், போட்டிருந்தால் தேவலை. "இத்தினி பேர கேட்டுருக்காங்க, என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த கூடவாப்பா கெடைக்கல?" என்று மட்டும் கேட்டாள். நான்காவது விதியைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு பக்கம் முழுக்கக் கிடைத்தது, நான்தான் படிக்காமல் அடித்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? இன்று காலை பஸ்ஸுக்கு அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். எதிர்க்கடைப் பக்கம் போகக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, வந்ததை எழுதிவிடுகிறேன்.

நானே மாமல்லபுரம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்காதே என்பது முதல் விதி. விசாரித்தது யார் என்று ஒருக்காலும் சொல்லாதே என்பது இரண்டாவது. பதினெட்டு வருடமாக இந்த இரண்டை வைத்துத்தான் நான் சோறு சாப்பிட்டேன், இரண்டையும் ஒரே பஸ் பயணத்தில் உடைக்க வேண்டும், கால் வரவில்லை. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மூட்டை வேர்க்கடலையோடு மாமல்லபுரம் போய், அந்த அறிக்கையை எழுதினவன் ஒரு அயோக்கியன், கிறுக்கன், கலையரசன் மேல் தீராத பகை உள்ளவன் என்று உங்கள் கணீர்க் குரலில் சொல்லிவிட்டு வர வேண்டும். தயங்காமல் திட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பொய்யும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும், போனில் எதையும் கேட்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பந்தியில் நடந்ததற்கு மன்னிப்பையும் சொல்லவும். பேரப்பிள்ளைகள் மாடு கன்றோடு நிறைந்து வாழ எல்லாம் வல்லவன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு அவள் கையால் இன்னும் சோறு சாப்பிடுகிற,
கலையரசன்.
பழைய எண் 31, புதிய எண் 12.

பி.கு.: செவ்வாய் மாலை. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போக வேண்டாம். கடித உறையை ஒட்டப் போகும் நேரம் நீலக் குடை வாசலில் நின்றது. போனில் நான் கேட்டதிலிருந்தே விஷயத்தைப் புரிந்துகொண்ட மார்கரெட் அம்மாள், ஆபீசில் முகவரி வாங்கி, நேற்றே தன் குறிப்புகளின் நகலை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய், என் அத்தனை விதியையும் ஒரே பஸ் பயணத்தில் உடைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் அடித்த பக்கத்தை ரேணுகாவுக்கு வாசித்தும் காட்டினார். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள், முதலில் புகழ்ந்தது துரை. கடைசியில் சடையப்பன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "மழ நாளுல பொண்ணு பஸ் ஏர்ற வரைக்கும் அந்த ஆளு எதிர்ல நனஞ்சிகினே நிப்பாரும்மா. கிட்ட போவ மாட்டாரு. பொண்ணு பாத்துடும்னு." ரேணுகா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் என் இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன். "ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்பா, அந்த ஹெல்மெட்டு யாருதுன்னு" என்றாள். வேன்காரரும் போனில் வாய் நிறைய "சம்பந்தி" என்று கூப்பிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார்கள், தாங்களும் இங்கே வந்துவிடவும், வேர்க்கடலை வரட்டும்.

ஒரே ஒரு சிக்கல். சீர் செய்யப்போகிற தாய்மாமனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பையனின் அம்மா ஆபீசில் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றியே இப்படி எழுதினவர் மச்சானையா விட்டுவைக்கப் போகிறார், அவரே எழுதட்டும் என்று என்னைத்தான் கேட்டிருக்கிறார். விசாரிக்கப்படுகிறவருக்குக் கடிதம் எழுதுவது பதினாறாவது விதிப்படி பெரிய குற்றம், ஆகவே இந்தக் கடிதம் தங்களுக்கு வரவில்லை, நான் எழுதவும் இல்லை. நான்காவது விதியை மட்டும் இன்று அடித்துவிட்டேன், இனி நல்லதையும் எழுதுவேன். நான் வியாழக்கிழமை செய்யூர் வருகிறேன், அதற்குள் தெருவில் நாலு பேர் சொல்கிற மாதிரி ஏதாவது ஒரு நல்லது செய்து வையுங்கள்.