நாலு மணிச் சுவர்

கட்டிடம் கட்டுகிறவனுக்குத் தன் கட்டிடத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது வரைபடத்தில் தெரியாது. ஓட்டத்தில்தான் தெரியும். என்னுடையது ஊருக்கே தெரிந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில், கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்றுக்கொடுக்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் பட்டறை வடிவமைத்தேன். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு என் முதல் கட்டிடம். வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமனார். சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், நிலையத்தின் கமிட்டியிலும் உறுப்பினர். கமிட்டிக்குப் பட்டறை பிடித்தால் அடுத்த பிளாக்கும் எனக்கே. (பிடிக்காவிட்டால் மாமனார் வீட்டு ஓணச் சாப்பாடு தொண்டையில் எப்படி இறங்கும்?)

பார்வையிட வந்த கமிட்டிக்காரர்கள் ஆறு பேரையும் நான் விடவில்லை, ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். உளி பிடிக்கிற கையில் நிழல் விழாதபடி வடக்கு வெளிச்சம். நீளப் பலகையை வளைக்காமல் நெளிக்காமல் உள்ளே கொண்டுவர அகலக் கதவு. பின்முற்றத்தில் பிள்ளைகள் மண்சாந்தில் சுவர் எழுப்பிப் பழகவும், சாயந்திரம் அதை இடித்து அதே செங்கல்லை மறுநாளுக்கு அடுக்கவும் இடம்.

"இந்தக் கூரை நூறு வருஷம் நிக்கும் சார்" என்று தூணை இரண்டு தட்டு தட்டினேன்.

பின்பக்கம் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். ஜன்னல் வழியே செம்மண் தூசி.

என்ன யோசித்தேன் என்று கேட்காதீர்கள். யோசிக்கிற உறுப்பு அப்போது என்னோடு இல்லை. "கூரை வருது! ஓடுங்க!" என்று அலறி, குறுக்கே நின்ற மாமனாரை ஒதுக்கிவிட்டு, அந்த அகலக் கதவு வழியே பாய்ந்தேன். ரோட்டில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கூரை நின்றது. கமிட்டியும் அதன் கீழேயே நின்றது.

"எவிடே போகணும் சாரே, தம்பானூர் பஸ் ஸ்டாண்டா?" என்றார் ஆட்டோக்காரர் நிதானமாக.

அதற்குள் கொத்துவேலை படிக்கும் அனிஷா கையில் சுத்தியலோடு வந்தாள். "பேடிக்காதீங்க சாரே, பயப்பட ஒண்ணுமில்லே. மணி நாலாச்சில்லே? இன்னைக்குக் கட்டின சுவரை இடிச்சோம், அவ்வளவுதான். சாரோட ஒரு செருப்பு உள்ளே கிடக்கு."

செருப்பை எடுக்கப் போனேன். கமிட்டி சேர்மன் சிரிக்கவில்லை. "சாயந்திரம் சுவர் இடிப்பாங்கன்னு பறஞ்சதும் நீங்க. நூறு வருஷம் நிக்கும்னு பறஞ்சதும் நீங்க. முதல்ல ஓடினதும் நீங்களல்லே?"

மாமனார் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "விட்டுட்டு ஓடினாக்கூடப் பரவால்ல மாப்ளே. தள்ளிட்டுல்லா ஓடினீரு!"

அடுத்த பிளாக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஒரு மாதம் தினமும் நாலு மணிக்கு நான் அந்தக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். சத்தம் வரும் என்று தெரிந்தே காத்திருந்தும், ஒவ்வொரு நாளும் துள்ளினேன். (அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் சுவரை ஒரு வரிசை கூடுதலாகக் கட்டியது பின்னால்தான் தெரிந்தது.)

இரண்டாவது பிளாக்கும் எழுந்துவிட்டது. அதன் சுவரில் பாதி அனிஷாவின் கைவேலை. ஆனால் வீட்டுச் சமையலறையில் இன்றும் ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், மாமனார் சட்டென்று சுவரோரம் ஒதுங்கி வாசலைக் காட்டுவார்:

"வழி விட்டாச்சு மாப்ளே. போயிட்டு வாரும்."