செவுள் பார்த்து வாங்கிய டெப்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எத்தாளைக் கடற்கரையில் என்னை ஏமாற்றக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் வேறு தொழிலுக்குப் போயிருப்பான். என் பெயர் நெய்னார். மீன் வாங்கி விற்கிறவன். விடியற்காலையில் தோணிகள் கரைக்கு வரும்போது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நிற்கிற தோரணையைப் பார்த்தே, தோணிச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் விலையில் பாதியை மனதுக்குள் குறைத்துவிடுவார்கள்.

என் தொழில் இரகசியத்தை உங்களிடம் சொல்வதால் நட்டமில்லை. நீங்கள் மீன் ஏலத்துக்கு வரப்போவதில்லை. மணலில் மீன் கொட்டிக் கிடக்கும். எனக்கு வேண்டியது அறுக்குளா. ஆனால் அறுக்குளாவைத் திரும்பியும் பார்க்க மாட்டேன். பாரையைத் தூக்கிப் பார்ப்பேன். திருக்கையைத் தடவுவேன். யாருக்கும் வேண்டாத சூடைக்கு விலை கேட்பேன். பிறகு, போகிற போக்கில் தாடையால் அறுக்குளாவைக் காட்டி, "இது என்ன, நேத்தைய மீனா? செவுள் வெளிறிக் கிடக்கே" என்பேன். சம்மாட்டிக்குப் பொறுக்காது. மீனைத் தூக்கிப் பிடித்துப் புகழத் தொடங்குவார். புகழத் தொடங்கினாரென்றால் அவர் கதை முடிந்தது. அதற்குப் பிறகு விலை இறங்க மட்டும்தான் செய்யும்.

இதில் ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. இல்லாத குறையைச் சொல்லக்கூடாது. இருக்கிற குறையைத்தான் ஊதிப் பெருப்பிக்க வேண்டும். இல்லாததைச் சொன்னால் அடுத்த நாள் நம் பேச்சு கரையில் எடுபடாது. இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் என் மாமனார், மர்ஹூம் ஜப்பார் ஹாஜியார். அவரும் உயிரோடு இருந்தவரை மீன்காரர்தான். அவருடைய மகள் ஸக்கியாவைத்தான் நான் கலியாணம் முடித்திருக்கிறேன். அதுவும் ஒரு சதம் கைக்கூலி வாங்காமல். பெண்ணையும் தந்து, வீட்டையும் தந்து, மாப்பிள்ளையின் கையில் கைக்கூலி என்று ரொக்கமும் வைக்கிற காலம் அது. நான் வாங்கவில்லை. இதைப் பள்ளிவாசல் முற்றத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் கல்பிட்டி பஸ்ஸிலும் நான் சொல்வதுண்டு. வீட்டை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. மனிதன் எங்காவது படுக்க வேண்டுமே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஒரே மகள் ஹஃபீலா கெம்பஸுக்கு எடுபட்டாள். உயிரியல் படிக்கப் போகிறாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கெம்பஸ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். ரிசல்ட் வந்த அன்று நான் கரையில் நின்று அழுதேன். உப்புக்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் நின்ற இன்னாசிப்பிள்ளையிடம் சொன்னேன். அவரும் மீன் வாங்குகிறவர், எந்தப் பேச்சையும் இலேசில் நம்ப மாட்டார். அதையும் நம்பவில்லை.

பெருநாள் கழிந்ததும் பிள்ளை போக வேண்டும். போகுமுன் ஒரேயொரு சாமான் கேட்டாள். டெப். போனை விடப் பெரியதாம், லெப்டொப்பை விடச் சிறியதாம், பேனையால் அதன் மேலேயே எழுதலாமாம். நான் யோசிப்போம் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் 'யோசிப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு அந்தக் காசில் வேறு கண் இருந்தது. என் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆவதற்குள் பின்னாலிருக்கிற மீன் கருவாடாகிவிடும். புதிதாக ஒன்று புத்தளத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் சிவப்பாக நின்றது. டவுனுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேண்டியதைத் திரும்பியும் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு மீனுக்கு மட்டும்தான்.

ஆகவே டெப் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தால் போதாது, ஸக்கியாவிடம் சொல்லவும் வேண்டும். மகளுக்காக அவள் சண்டைக்கு வருவாள் என்று தெரியும். அன்று முழுக்கக் குறைகளைத் தயார் செய்தேன். எழுத்து அடிக்க வசதியில்லை. விழுந்தால் கண்ணாடி போய்விடும். படிக்கிறேன் என்று படம் பார்ப்பார்கள். லுஹர் தொழுகையிலும் ஒரு குறை ஞாபகத்துக்கு வந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பின்னேரம் குசினிக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன். ஸக்கியா கீழே இருந்து விளமீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் திறந்துவிட்டாள்.

"ஹஃபீலாட வாப்பா, அந்த டெப் நமக்கு வேணாம்."

போருக்கு வாளோடு போனவன், எதிரி தன் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வான்?

"ஏன் வேணாம்?" என்றேன்.

"அதில எழுத்து அடிக்க ஏலாதாம். கட்டுரை எழுதச் சொன்னா பிள்ளை விரலால தட்டிட்டு இரிக்கிறதா?"

அது என் குறை. நான் வைத்திருந்த முதல் குறை. அதை என் வாயிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதுக்குத் தனியா ஒரு கீபோர்ட் இருக்கு. கொழுவி அடிக்கலாம்" என்றேன். ஹஃபீலா எப்போதோ சொன்னது, வாயில் தானாக வந்தது.

"விழுந்தா கண்ணாடி போயிடும்."

"உறை போட்டா தாங்கும்."

"அதுக்கு லெப்டொப்பே எடுக்கலாமே."

"லெப்டொப் என்ன பாரம் தெரியுமா? பிள்ளை படிக்கப் போறாளா, ஐஸ் பெட்டி சுமக்கப் போறாளா?"

"என்னமோ, எனக்கு மனசுக்குப் பிடிக்கல்ல" என்று அவள் குனிந்தபடியே சொன்னாள். ஏற்கெனவே சுரண்டி முடித்த பக்கத்தையே திரும்பவும் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்.

என் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் இருப்பது இரண்டே இடங்கள். குறை சொல்கிறவன் ஒரு பக்கம், புகழ்கிறவன் மறுபக்கம். மூன்றாவது இடம் இல்லை. குறை சொல்கிற இடத்தை ஸக்கியா பிடித்துவிட்டாள். அங்கே இரண்டு பேர் நிற்க முடியாது. நான் எங்கே போய் நிற்பேன், சொல்லுங்கள்.

அடுத்த நாள் முதல் டெப்பைப் பற்றி விசாரிப்பதே வேலையாகிவிட்டது. ஸக்கியாவிடம் தோற்கக்கூடாது என்பதுதான் நோக்கம், வாங்குவதற்காக அல்ல. நாலு வீடு தள்ளி இருக்கிற ஸஃப்னா இரண்டாம் வருஷம் கெம்பஸில் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லு பிள்ளை, இது தேவையா, இல்லையா என்று கேட்டேன். நல்ல பிள்ளை, நேராகப் பேசினாள். எல்லாருக்கும் தேவையில்லை என்றாள். கட்டுரை மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பழைய லெப்டொப் ஒன்று போதுமாம். கணக்குச் செய்கிறவர்களுக்கும் படம் கீறுகிறவர்களுக்கும்தான் டெப் உதவுமாம். விரிவுரைக் குறிப்பெல்லாம் போனுக்குத்தான் வருமாம். டெப் இல்லாதவர்கள் அதை ஃபோட்டோ கொப்பி எடுத்து எடுத்தே காசை முடிப்பார்களாம். டெப் இருந்தால் அந்தக் குறிப்பின் மேலேயே எழுதிக்கொள்ளலாமாம். நீளமாக எழுத்து அடிக்க வேண்டுமென்றால் கெம்பஸிலேயே கம்பியூட்டர் அறை இருக்கிறதாம்.

"உயிரியலுக்குப் படம் கீற வேணுமா?" என்று கேட்டேன்.

"படம்தான் மாமா முழுக்க" என்றாள்.

அவளுடைய டெப்பை வாங்கி ஹஃபீலா ஒரு மீனைக் கீறினாள். கோடு பிழைத்தால் தட்டி அழித்தாள். சின்னதாக இருந்ததை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். செவுளுக்குச் சிவப்பு நிறம் போட்டாள். நான் குனிந்து பார்த்தேன். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு, அப்போதுதான் கரைக்கு வந்த மீனுக்கு இருக்கிற சிவப்பு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் போய்விட்டால் வீட்டில் யார் இப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஸக்கியா விடவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், நம்மட ஃபேனைப் பாருங்கள் என்றாள். பிள்ளை படிக்கப் போவது மலைநாட்டில், எத்தாளைக் கரையில் இல்லை என்றேன். அந்தப் பேனை தொலைந்தால் என்ன செய்வது என்றாள். கட்டி வைக்க வேண்டியதுதான் என்றேன். நான் தேடிக் கொண்டுவந்த ஒவ்வொரு பதிலுக்கும் அவளிடம் ஒரு குறை தயாராக இருந்தது. ஒன்றுகூடப் பொய்க்குறை இல்லை. எனக்கு உள்ளுக்குள் மதிப்பு வந்தது. மீன்காரன் மகள் மீன்காரன் மகள்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தவன் அதோடு நிறுத்தாமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கடைசியில் அவள் ஒரு போடு போட்டாள்.

"சரி, சும்மா என்னத்துக்குப் பிரச்சினை. அஸ்ஜத்ட்ட பழைய லெப்டொப் ஒண்டு கிடக்காம். கேட்டா தருவான்."

அஸ்ஜத் அவளுடைய தம்பி. சிலாபத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். நல்லவன், கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். எப்போதோ ஒரு ரைஸ் குக்கர் தந்தான். அதில் வெந்த சோற்றைப் பற்றி எந்தக் கலியாண வீட்டிலும் கதைக்காமல் எழும்ப மாட்டான். என் மகள் பட்டம் வாங்கினால் அது அவன் லெப்டொப் வாங்கிய பட்டமாகிவிடும்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"என்ட மகள் என்ட காசில படிப்பாள். டெப்தான். இந்த வீட்டில நான் சொல்றதுதான் முடிவு."

வீட்டு உறுதிப் பத்திரம் ஸக்கியாவின் பெயரில் இருக்கிறது. அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. பெருமூச்சு விட்டாள். உங்கட பிடிவாதத்துக்கு முன்னால நான் என்ன செய்ய என்றாள். வெற்றி பெற்ற மனிதனாக உட்கார்ந்து இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். குக்கர் சோறுதான்.

மறுநாள் புத்தளம் போனேன். சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்ற பக்கம் பார்க்காமலே நடந்தேன். தெரிந்த பையன் நௌஃபரின் போன் கடைக்குள் நுழைந்து என் தொழிலைக் காட்டினேன். முதலில் போன் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காதில் கொழுவுகிற சாமானுக்கு விலை கேட்டேன். சுவரிலிருந்த மணிக்கூட்டைக்கூட விசாரித்தேன். பிறகு, போகிற போக்கில் டெப்பைத் தாடையால் காட்டினேன்.

"இது என்ன, இவ்வளவு மெல்லிசா? கையில எடுத்தா வளையும் போல. ஓரம் கறுத்துக் கிடக்கு. எத்தனை மாசமாக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு?"

கையில் எடுத்துத் திருப்பினேன். சார்ஜ் போடுகிற ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். பழக்கதோஷம். நௌஃபர் துடிக்க வேண்டும், சாமானைத் தூக்கிப் பிடித்துப் புகழ வேண்டும். அவன் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஓம் நானா, ஓம் நானா என்று சொந்த அண்ணனுக்குத் தலையாட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தான். என்னிடம் குறை தீர்ந்துபோயிற்று. வாழ்க்கையில் முதல் தடவை. அப்போது அவன் கீழே குனிந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். டெப், பேனை, கீபோர்ட், உறை, எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. மேலே 'ஹஃபீலா' என்று எழுதியிருந்தது.

"மதினி போன மாசமே வந்து கதைச்சு முடிச்சிட்டாங்க நானா. அவங்க சொன்ன குறைக்கே நான் குறைக்கிற அளவு குறைச்சிட்டன். நீங்க வந்து குறை சொல்லுவீங்களாம், இடையில மறிக்காம கேட்டுட்டு, பிறகு இதக் குடுக்கட்டுமாம்."

ஸக்கியா வந்து பேசியது போன மாதம். ஹஃபீலா என்னிடம் கேட்டதே இந்த மாதம்தான்.

காசை எண்ணி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியை மகளிடம் கொடுத்தேன். அவள் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மோட்டார் சைக்கிளாவது மண்ணாவது என்றிருந்தது எனக்கு. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். குசினிக்குப் போனேன். ஸக்கியா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நௌஃபர் எல்லாம் சொல்லிட்டான்."

"சொல்லுவான் எண்டு தெரியும்."

"என்ட வித்தைய எனக்கே காட்டுறியா?"

"உங்கட வித்தையா?" என்று அவள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது என்ட வாப்பாட வித்தை. உங்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் பழக்கினாரு. எனக்கு அதுக்கு முதலே தெரியும். தெரியாமலா உங்கள எடுத்தன்?"

பிறகு அவள் எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னாள். எங்கள் கலியாணப் பேச்சுக்கு என் வாப்பா அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெரிய கைக்கூலி கேட்டாராம். அவ்வளவுக்கு அவர்களிடம் வசதியில்லை. பேச்சு முறிகிற நிலைமை. ஸக்கியாவுக்கோ என்னைக் கரையில் பார்த்துப் பிடித்துப்போயிருந்ததாம். உடனே திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, முன்னறைக்குக் கேட்கும்படியாக அவள் உம்மாவிடம் சொன்னாளாம்: மாப்பிள்ளைக்கு ஒரு தோள் சரிஞ்சு கிடக்கு, நடந்தா வாத்து நடை, வீரமெல்லாம் வாயில மட்டும்தான், யார் எதைச் சொன்னாலும் நம்புற ஆள், சும்மா தந்தாலும் எனக்கு வேணாம். என் வாப்பா பதறிப்போய் எழும்பி, என் மகனைப்போல உண்டா என்று என்னைப் புகழத் தொடங்கினாராம்.

புகழத் தொடங்கினாரென்றால் அவர் கதை முடிந்தது. கைக்கூலி அன்றைக்கே இறங்கி இறங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று. பள்ளிவாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் கல்பிட்டி பஸ்ஸிலும் நான் இத்தனை வருஷமாகச் சொன்ன பெருமை அது.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. விரும்பித்தானே எடுத்திருக்கிறாள். சிவப்புச் செவுள் மீனென்று தெரிந்துதானே வெளிறிக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் பக்கத்தில் போய், தோளை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

"அப்ப அந்தக் குறையெல்லாம் சும்மா சொன்னதுதானே?"

ஸக்கியா சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டாள்.

"வாப்பா பழக்கினத மறந்திட்டீங்களா? இல்லாத குறையைச் சொல்லக்கூடாது."