சேற்றில் நடந்த சீன வகுப்பு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றால், குடமுருட்டி ஆறு என் வீட்டுக்குள் வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும். அத்தனையும் சத்தியம். கண்டியூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்கள் இல்லையென்று சொன்னால், அவர்கள்தான் பொய் சொல்கிறார்கள்.

என் அண்ணன் மகள் வானதிக்குச் சிங்கப்பூரில் வேலை. அங்கே வீடு மாற்றிக் குடியேறும்வரை, இரண்டரை வயது மகளை எங்களிடம் விட்டுப்போனாள். குழந்தையின் பெயர் செம்மொழி. படிப்பது சீனம்.

"சித்தப்பா, பிளே ஸ்கூல்ல இவ நல்லா சீனம் பேசுறா. இங்க வந்து மறந்துடக் கூடாது. புத்தகமெல்லாம் வேணாம். தொட்டு, பிசைஞ்சு, கொட்டி விளையாடணும். விளையாடும்போதே வார்த்தையைச் சொல்லணும். வார்த்தையெல்லாம் செல்லுல போட்டு வச்சிருக்கேன். திரும்ப இவளைக் கூட்டிட்டு வரும்போது உங்கள்ல ஒருத்தர் வந்து கொஞ்சநாள் எங்ககூட இருங்க. ஒருத்தருக்குத்தான் இடம்."

"சொல்லிக்கொடுக்கிறவர்தானே வரணும்? அதுதானே நியாயம்?" என்று முந்திக்கொண்டேன்.

"ரொம்ப நியாயம்" என்றாள் என் மனைவி மங்களாம்பிகை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை நியாயம் என்றது அன்றுதான். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப்போய் கூலிங் கிளாஸ் வாங்கிவந்தேன்.

மறுநாள் கொல்லையில் வகுப்பு ஆரம்பம். தாம்பாளத்தில் அரிசி. அண்டாவில் தண்ணீர். பழைய டப்பில் வயல் சேறு. குழந்தை அரிசியை அளைந்தால் நான் "மீ" என்பேன். முட்டையை உருட்டினால் "தான்". சேற்றைப் பிசைந்தால் "நீ". செல் அப்படித்தான் சொன்னது. பாதிச் சீனம் தமிழாகவே இருந்ததால் எனக்குச் சிரமமில்லை.

மங்களாம்பிகை எட்டிப் பார்த்தாள். நான் சேற்றுக் கையை நீட்டி, "நீ!" என்றேன்.

"யாரை 'நீ'ங்கிறீங்க?"

"சேத்தைச் சொன்னேன்."

"என்னைப் பார்த்தா சேறு மாதிரி இருக்கா?"

இருந்தாலும் வகுப்பு அமோகமாக நடந்தது. ஒருநாள் நான் தண்ணீருக்கு "ஷ்வே" என்று ஒரு குரல் கொடுத்தேன். பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே ஆற்றில் போய் இறங்கியது. வேலிமேல் கொக்குகள் வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்டன. சத்தியம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குறுவை நாற்று முற்றத் தொடங்கியது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் நடவு ஆட்களைத் திரட்டிவருகிறவள் ராசம்மாள். அவளே வந்து கையை விரித்தாள்.

"பொம்பளைங்க வர மாட்டேங்குறாங்கக்கா. பொடிசுங்களை எங்க விடுறது? வரப்புல விட்டா வாய்க்கால்ல இறங்குதுங்க."

"எங்க வீட்டுல விடச் சொல்லு. அவரு சீனம் சொல்லித்தர்றாரு" என்றாள் மங்களாம்பிகை.

"சீனமா! அண்ணனுக்குச் சீனம் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதது என்ன இருக்கு? சிங்கப்பூரே அவரைத்தான் கூப்பிடுது."

என் மார்பு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் தெறித்து, தென்னையில் பட்டு, ஓர் இளநீர் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் கொல்லை நிறையப் பொடிசுகள். ஒன்று "மீ, மீ" என்று அரிசியைத் தின்றது. ஒன்று "தான்" என்று முட்டையைச் சுவரில் அடித்தது. ராசம்மாள் பேரன் வளவன் என் மடியில் ஏறி, "நீ! நீ!" என்று என் வழுக்கை முழுக்கச் சேற்றைப் பூசினான். கோபப்பட வழியில்லை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

ஊரிலேயே முதலில் நடவு முடிந்தது எங்கள் வயலில்தான். பிறகு ஊரே என்னைச் 'சீன வாத்தியார்' என்றது. நானும் தலையைத் தலையை ஆட்டினேன்.

புறப்படும் நாள் நெருங்கியது. வானதி வீடியோவில் வந்தாள். செம்மொழி சீனத்தில் பொரிந்து தள்ளினாள்.

"சூப்பர் சித்தப்பா! அப்ப நீங்கதானே வர்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மங்களாம்பிகை செல்லை வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே ராசம்மாள்.

"அவரு எப்படிம்மா வருவாரு? ஊர் நடவே அவரை நம்பித்தான் கெடக்கு. அவரு வகுப்பை மூடினா ஒரு பொம்பளை வயல்ல கால் வைக்க மாட்டா."

"ஆமாண்ணே. உங்களை நம்பித்தான் ஊரு வயலையெல்லாம் ஒத்துக்கிட்டோம். வகுப்பு நிக்காதுன்னு நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்களே?"

"நானா? எப்ப?"

"அக்காதான் உங்க சார்புல கொடுத்துச்சு."

"நடவு முடிஞ்சதும் நான்..."

"அப்புறம் களையெடுப்பு இருக்குல்லண்ணே!"

வானதி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ சித்தப்பா, இவ்வளவு பெரிய பொறுப்பா! நீங்க இருங்க. சித்தி, நீங்களாவது வாங்களேன்."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்? சரி, இவ்வளவு தூரம் கூப்பிடுறே..." என்றபடி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். துணியெல்லாம் மடித்து அடுக்கி, மேலே பாஸ்போர்ட்டும் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போய்விட்டாள். நேற்றுகூடப் பேசினாள். அங்கே சௌக்கியமாம். இங்கே ஊரில் களையெடுப்பு தொடங்கிவிட்டது. கொல்லையில் கூட்டம் கூடியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் யார் சொன்னது என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். பக்கத்துத் திருவையாற்றில் எல்லோரும் என் பேச்சை நம்பி, நான் இப்போது சிங்கப்பூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.