சம்பந்தி வீட்டுச் சோபாவின் முதுகு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியைப் பிறகு எழுதிக்கொள்கிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? கடையில் சோபா வேலைகள் குறைவில்லாமல் வருகின்றனவா? நல்லது. மச்சான், உங்கள் மருமகள், என் மகளின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. நிறுத்தியவன் நான்தான்.

பாதிப் பழி உங்களுக்கும் உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவன், பொழுது போகாமல் மூன்று மாதம் உங்கள் கடையில் வந்து உட்கார்ந்தால், காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம். நீங்களோ, இது மேல்தோல், இது அதை உரித்தபின் மிஞ்சும் அடித்தோல், இது தோல்தூளைப் பசையில் பிசைந்து ஒட்டியது, இது தோலே இல்லாத ரெக்ஸின் என்று பாடம் நடத்திவிட்டீர்கள். அன்றிலிருந்து பல் டாக்டர் வீட்டு நாற்காலியைக்கூடக் கிள்ளிப் பார்க்காமல் எனக்கு உட்கார வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். "அப்பா, அங்க போய் எதையும் தொடாதீங்க" என்று மகள் படித்துப் படித்துச் சொல்லித்தான் அழைத்துப் போனாள். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா, அந்த வீட்டுப் பெரியவர்தான், "நல்லா சாஞ்சு உட்காருங்க, எல்லாம் அசல் தோல்" என்றார். விரல் கேட்குமா? இருக்கையை ஒரு அழுத்து அழுத்தினேன், சுற்றிலும் பொடிச் சுருக்கம் ஓடியது, தோல்தான். அத்தோடு விட்டிருக்கலாம். சாய்ந்தபோது முதுகுப் பக்கம் அழுத்தினால் வெறும் குழிதான் விழுகிறது, மயிர்த்துளைகளெல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே வரிசையில் நிற்கின்றன. பெரியவரும் அவர் மனைவியும் பையனைக் கூப்பிட உள்ளே போனார்கள். நான் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன், உருண்டு ஓடியது. ஆனால் சாயப் பூச்சு இருந்தால் அசல் தோலிலும் தண்ணீர் இறங்காது, பின்பக்கத்தைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஆகவே சோபாவை முன்னால் கவிழ்த்தேன். மறுமுனையில் உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தது அந்த நேரத்தில் நினைவில்லை. முழங்காலில் லேசான அடிதான். அவள் கைப்பையிலிருந்து உருண்ட நகவெட்டியால் அடி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன், நார் இல்லை, வெள்ளைத் துணிப் பின்னல். நிமிர்ந்தால் பையனோடு மூன்று பேரும் வாசற்படியில் நிற்கிறார்கள். ஏதாவது சமாளித்திருக்கக் கூடாதா? "சார், உட்கார்ற இடம்தான் தோல். முதுகும் பக்கமும் ரெக்ஸின். உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரியவரின் முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மா நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு போனார். மகள் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாள் மச்சான், எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் தாய்மாமன், தொழில் தெரிந்தவர். உடனே வந்து, உடம்பு படும் இடத்தில் தோலும் மற்ற இடத்தில் ரெக்ஸினும் வைப்பது தொழிலில் வழக்கம்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அந்தப் பெரியவரின் காலில் விழாத குறையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல இருக்கைகளில் அமர்ந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: வர வேண்டாம். பெரியவர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். அன்று தோள் குலுங்கியது சிரிப்பாம். அந்தச் சோபா அவருடைய மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்ததாம். "இருபத்தாறு வருஷமா எந்தச் சண்டையிலயும் எங்க வீட்டுக்காரி 'எங்க அப்பா அசல் தோல்ல கொடுத்தாரு'ன்னுதான் முடிப்பா. இனிமே அது நடக்காது. சீக்கிரம் தேதி குறிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, இனி அந்த வீட்டுக்குப் போனால் நான் மர முக்காலியில் மட்டும்தான் உட்கார வேண்டும். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். அந்த முக்காலி அசல் தேக்கு என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். மச்சான், உங்களுக்குத் தெரிந்த தச்சர் யாராவது இருக்கிறாரா?