மூணுவேளை ட்ரெய்னிங் கேட்ட கதை

கண்டி டவுனில் 'இடமில்லை' என்ற சொல்லைத் துளியும் மதிக்காத ஒரே மனுஷி மூணுவேளைதான். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பிள்ளை. மஹய்யாவையில் ஒரே போர்டிங் அறையில் இருந்தோம். இரண்டு பேரும் மருந்துக்கடை வேலைக்கான பாமசி படிப்புப் படித்தோம்.

படிப்பு முடிந்தாலும் ஏதாவதொரு பாமசியில் ட்ரெய்னிங் எடுக்காமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. நான் பதினொரு கடைகளுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டு போனைப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஒரேயொரு பதில் வந்தது. அவர்களுடைய இன்பொக்ஸ் நிறைந்துவிட்டதாம்.

"ஒரு வேளை மருந்துக்குக் காய்ச்சல் கேக்குமாடி? மூணு வேளை, அஞ்சு நாளைக்குக் குடுக்கணும்" என்றாள். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் அது.

மறுநாள் காலையில் டவுனில் ஒரு பெரிய பாமசிக்குப் போய், தன் படிப்பு விவரம் எழுதிய சிவியைக் கொடுத்தாள்.

"இடமில்லம்மா" என்றார் முதலாளி.

"சரி சார், பகலைக்கு வர்றேன்."

"பகலைக்கும் இருக்காது."

"அப்ப அந்திக்கு வந்து பார்க்கிறேன் சார்."

சொன்னபடி தினமும் மூன்று வேளையும் போனாள். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு சிவி. மூன்றாம் நாள் இவள் தலையைக் கண்டதுமே முதலாளி அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "சார் ஸ்டொக் பார்க்கிறாரு, இப்ப வந்துருவாரு" என்று ஆட்களை வரிசையில் நிறுத்தியதும் இவள்தான். நாலாம் நாள் இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர், "அந்தப் புள்ளைய எடுங்களேன், எனக்கே சங்கடமா இருக்கு" என்று சிபாரிசு செய்தார்.

ஐந்தாம் நாள் அவளுக்கே காய்ச்சல். படுத்துவிட்டாள். அந்திக்கு போன் அடித்தது. முதலாளி. நம்பர்தான் பன்னிரண்டு சிவியில் இருக்கிறதே.

"ஏம்மா, காலையிலயும் வரல, பகலைக்கும் வரல?"

"காய்ச்சல் சார்."

"என்ன குடிச்ச?"

"பரசிட்டமோல் ரெண்டு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல கூடாது."

"உடம்பு நோவுதுன்னு வேற வலி மாத்திரை போட்டா?"

"டெங்குவா இருந்தா ஆபத்து சார், ரத்தம் கசியும்."

"திங்கட்கிழமை வா. காய்ச்சலோட வராத."

இப்படித்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் இன்னும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் எழுதியே கேட்காத ஒரு குண்டசாலை பாமசியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். பாமசிஸ்ட் அம்மா என் பெயர் போட்ட ஒன்பது சிவிகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு திறமை கூடியிருந்தது.

"யப்பான் பாஷை தெரியுமாமே?"

"தெரியாது மிஸ்."

"நல்லது, உண்மையாவது பேசுறீங்க. எடுத்துக்கிறேன். ஆனா உங்க கூட்டாளிய மட்டும் இனி அனுப்பாதீங்க. தெனம் பகலைக்கு பஸ்ல வந்து நின்னுடுறாங்க."

அந்திக்கு அறைக்கு வந்து கேட்டேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வெக்கப்பட்டுக்கிட்டு வேணாம்ப."

"பகல் சாப்பாடு?"

"பஸ்லதான்" என்றபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைப்பது அவளுக்குத் தெரியக்கூடாது.