தராசில் ஏறிய குடிமக்கள்

புளியங்காட்டுப்பாளையம்,
வெகுதானிய வருஷம், வைகாசி மாதம்.

ஆத்தூரில் அரிசி ஆலை வைத்துச் சீரும் சிறப்புமாக இருக்கிற மைத்துனன் சிரஞ்சீவி மருதாசலத்துக்கு, பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு வெள்ளியங்கிரி மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மாப்பிள்ளை. முன்பெல்லாம் கை தானாக எழுதிவிட்டுப் போகும். யாவரும் என்றால் யார் யார், க்ஷேமம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்காத நல்ல காலம் அது. விஷயம் என்னவென்றால், நீ அனுப்புவதாக எழுதியிருந்த அரிசி வண்டியை அனுப்ப வேண்டாம். அதோடு ஒருநாள் புறப்பட்டு வந்து உன் அக்காள் சௌந்திரத்துக்கு நாலு புத்தி சொல்லிவிட்டுப் போகவேண்டும். காரணத்தைக் கேள்.

எங்கள் வாசகசாலையில் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்புசாமி தினமும் பத்திரிகை படித்துக் காட்டுவது உனக்குத் தெரியும். பங்குனிக் கடைசியில் ஒருநாள் சீமைத் தலைவர்களில் யார் பெரியவர் என்று பேச்சு வந்தது. ஒருவர் பட்டாளத்தை வரிசையாக நிறுத்துகிறார் என்றான் ஒருவன். இன்னொருவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது என்றான் மற்றொருவன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கொடியையும் சிலையையும் பார்த்து ஒரு தேசத்துத் தலைவரை அளக்கப் படாதுங்க. அவரோட குடிமக்கள் வயிறு நெறஞ்சு படுத்தாங்களா, காய்ச்சல்னா மருந்து கெடச்சுதா, அதைப் பார்த்து அளக்கோணும்” என்றார். அடடா, எவ்வளவு உயர்ந்த பேச்சு! நான் தலையை ஆட்டிய ஆட்டில் உருமாலையே அவிழ்ந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு தேசமாக விசாரித்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் மட்டும் மூன்று தேசத்து அதிபதிகளைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டேன்.

அங்கே பக்கத்து ஊர் மேட்டுப்புதூரின் பிரசிடெண்டு, என் பங்காளி கந்தப்பனும் இருந்தான். சும்மா இருப்பானா? “சீமைக்காரனை அளந்தது போதுமப்பா, வெள்ளியங்கிரி. எங்கூர்ச் சனத்தையும் உங்கூர்ச் சனத்தையும் கடலைக்காய் மண்டித் தராசுல ஏத்திப் பார்த்துப் போடலாம். ஆரு நல்ல பிரசிடெண்டுன்னு தெரிஞ்சு போகுது” என்றான். சித்திரைக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய தேசத் தலைவர் ஜேடர்பாளையம் வழியாகக் காரில் வந்து நம் சந்தைமேட்டில் இறங்குவதாக இருந்தது. எந்த ஊர்ச் சனம் எடை அதிகமோ, அந்த ஊர் பிரசிடெண்டு முதல் மாலை போடுவது என்று பந்தயம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். மூன்று அதிபதிகளை இறக்கியவன் ஒரு தராசுக்குப் பயப்படலாமா?

ஊருக்கு ஐந்து பேர். நாமே ஆள் பொறுக்கினால் இரண்டு ஊரிலும் வட்டிக்கடைக்காரர் குடும்பம்தான் தராசில் ஏறும் என்று வாத்தியார் திருவுளச்சீட்டுப் போட்டுவிட்டார். கந்தப்பனுக்கு ஓரளவு தேறின ஆட்கள் வந்தார்கள். எனக்கு முதல் சீட்டே பொன்னன். ஏற்றம் இறைக்கிறவன், தூரத்தில் நின்றால் ஏற்றக் கழி எது, பொன்னன் எது என்று தெரியாது. அடுத்து, களை வெட்டுகிற பாவாயி. மூன்றாவது சென்றாயன், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து கிடக்கிறவன். மிச்சம் இரண்டு பேரும் இவர்களுக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருந்தார்கள். பஞ்சாயத்துக்குத் தலைவனாகி இத்தனை வருஷத்தில், மாப்பிள்ளை, என் ஊர்க்காரர்களை அன்றைக்குத்தான் நான் உடம்போடு சேர்த்துப் பார்த்தேன்.

சரி, சோறு போட்டால் சதை வைக்காதா என்று ஐந்து பேரையும் நம் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். உன் அக்காளும் களி, கீரை, நெய், கடலைக்காய் என்று தாராளமாகத்தான் போட்டாள். ஆனால் பொன்னன் சாப்பிட்டவுடன் எழுந்து போய் நம் தென்னைக்கெல்லாம் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டான். ஏண்டா என்றால், “சும்மா உக்காந்து திங்கக் கூச்சமா இருக்குதுங்க” என்கிறான். வைக்கிற சதையெல்லாம் வேர்வையாகப் போகிறது! அவன் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்ள நான் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் காவல் உட்கார்ந்தேன். பாவாயியோ சோற்றை வாயருகே கொண்டுபோய், நாம் அசந்த நேரத்தில் முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நான் சத்தம் போட்டேன். அவள் எழுந்து நின்று, “ஏனுங்க சாமி, ஊட்டுல புள்ளைங்க வாயைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கையில எனக்கு மட்டும் சோறு எறங்குமுங்களா?” என்றாள். உன் அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாளைக்குப் புள்ளைங்களையும் கூட்டியா சாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெரிய அண்டாவை இறக்கினாள். பாவாயி பிள்ளைகள் வந்தால் சென்றாயன் பிள்ளைகள் வரமாட்டார்களா? அவர்கள் வந்தால் அந்தத் தெருவே வராதா? வந்தது.

சென்றாயனுக்கு எவ்வளவு போட்டாலும் காய்ச்சல் தின்றுவிடுகிறது என்று நாமக்கல்லிலிருந்து ஒரு டாக்டரை வண்டி கட்டிக் கூட்டிவந்தேன். அவர் கொயினா மாத்திரை கொடுத்ததோடு போனாரா என்றால் இல்லை. கிணற்றடிப் பள்ளத்தில் தேங்கியிருக்கிற தண்ணீரைக் காட்டி, “மாத்திரை இன்னிக்குங்க. பள்ளத்தை மூடுனாத்தான் நாளைக்கு” என்றார். நானும் நம் வண்டி மாடுகளைப் பூட்டி மண் அடித்து மூடினேன். எல்லாம் ஒரு மாலைக்காக! சௌந்திரமோ பந்தயத்தையே மறந்துவிட்டாள். “ஏனுங்க, சென்றாயன் பொஞ்சாதிக்கு இது நெறைமாசம். கொஞ்சம் பால் ஊத்தட்டுங்களா?” என்கிறாள். அவள் பெயர் சீட்டிலேயே இல்லை என்றேன். காது கேட்காதவள் மாதிரி செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எடை போடுகிற நாள், அதாவது தலைவர் வருகிற நாள், வந்தது. கந்தப்பன் ஒரு மாதமாக யாருக்கும் ஒரு பிடி சோறு போடவில்லை. நான் விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் அன்று காலையில் தன் ஆட்கள் ஐந்து பேருக்கும் உப்புக் கருவாட்டைத் தின்னக் கொடுத்து, குடம் குடமாக மோரை ஊற்றியிருக்கிறான். ஒவ்வொருவனும் வயிற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து தராசுத் தட்டில் ஏறினான். எங்கள் பக்கம் பாவாயி ஏறியதும் தட்டு நன்றாகத் தாழ்ந்தது. நான் துண்டை வீசினேன். “இடுப்புல இருக்கற கொழந்தை கணக்குல வராதப்பா” என்றான் கந்தப்பன். அவள் குழந்தையை இறக்கிவிட்டாள். தட்டு விர்ரென்று மேலே போய்விட்டது. ஒரு மாத நெய்யும் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழந்தை தரையில் பூசணிக்காய் போல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எப்படியோ, தோற்றோம்.

அந்த நேரம் பார்த்துத் தலைவருடைய கார் சந்தைமேட்டுக்குக் கீழே ஓடை மணலில் புதைந்துவிட்டது. கந்தப்பன் மாலையும் கையுமாக, “தள்ளுங்கடா!” என்று தன் ஆட்களைக் கூப்பிட்டான். ஒருவன் குனிந்தான், குனிந்தவன் நிமிராமலே புதர்ப் பக்கம் ஓடினான். மற்ற நால்வரும் குனியவே பயந்து நின்றார்கள். பொன்னனும் சென்றாயனும் பாவாயியும் இன்னும் நம் ஆட்களும் இறங்கி ஒரே மூச்சில் காரை மேலே ஏற்றினார்கள். சென்றாயன் சக்கரத்துக்குத் தோள் கொடுத்ததை நீ பார்த்திருக்கவேண்டும், மாப்பிள்ளை. போன மாதம் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவன்!

தலைவர் இறங்கி வந்து, “நல்ல திடமான ஜனங்கள். உங்கள் தலைவர் யாரப்பா?” என்று கேட்டார். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு கனைப்புக் கனைத்தேன். பொன்னன் கையைக் கட்டிக்கொண்டு, “ஆத்தா வரலீங்க சாமி. அடுப்புல கஞ்சி வெந்துக்கிட்டு இருக்குதுங்க” என்றான். அவன் சொன்னது உன் அக்காளை. தலைவர் பொன்னனுடைய தாயார் என்று நினைத்துச் சிரித்து, அவன் தோளைத் தட்டிவிட்டுக் கந்தப்பன் மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார். கனைத்தவன் கனைத்தபடியே நின்றேன்.

ஆகையால் நான் தீர்மானம் செய்துவிட்டேன். களத்துக் குதிரில் கையை விட்டால் அடி தட்டுகிறது. பந்தயமும் முடிந்தது. வருகிற வெள்ளிக்கிழமையோடு அண்டாவைக் கவிழ்த்துவிடச் சொல்லிவிட்டேன். ஆடியில் போர்டுத் தேர்தல். பழையபடி நானே நின்று ஜெயித்து, தலைவர் வேலையைத் தலைவர் வேலையாகப் பார்ப்பேன். பொதுக் காரியம் ஆண்களுக்கு, அடுக்களை பெண்களுக்கு என்று நீதான் வந்து உன் அக்காளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். நான் சொன்னால் செம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

உன் ஆலை நிற்காமல் ஓடவும், உன் சம்சாரம் வசந்தாமணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவும், உன் மாடு கன்றுகள் பெருகவும் காவேரித் தாய் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி,
பிரசிடெண்டு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற சமயத்தில் பொன்னனும் பாவாயியும் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னைப் பார்க்க அல்ல. ஆடித் தேர்தலில் சௌந்திரம் நிற்கவேண்டுமாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். உத்தரவு கேட்கிறாளாக்கும் என்று நான் யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். “கேக்க வரலீங்க. சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க” என்றாள். எனவே புத்தி சொல்ல வரவேண்டாம். ஓட்டுக் கேட்க வா. அரிசி வண்டியை இன்றைக்கே அனுப்பு. மேலே கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கிற உத்தியோகத்தை ஆடி வரைக்கும் என்று வைத்துக்கொள். ஆத்தூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கக் கந்தப்பன் வந்தால், நானாகவே பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிவை.